இதர மதத்தின் மத்தியானக் கஞ்சி

எங்கள் ஊர் வடபட்டறை. ஆம்பூரிலிருந்து பாலாற்றங்கரையோடு நடந்தால் இரண்டு மைல். ஊரில் நான்கு தோல் பட்டறைகள், ஒரு மசூதி, ஒரு மாதா கோயில், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பெருமாள் கோயில் ஆகியவை இருந்தன. இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு யூனியன் போர்டு ஆரம்பப் பாடசாலை. ஹெட்மாஸ்டர் சுப்பராயன் முதல் வாத்தியார். நான் இரண்டாம் வாத்தியார். மூன்றாம் வாத்தியார் என்று ஒருவர் கிடையாது.

பாடசாலையில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். முக்கால்வாசிப் பேருடைய தாய் தகப்பன் விடியும்போதே பட்டறைக்குப் போய்விடுவார்கள். ஆகையால் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்து, பதினோரு மணிக்குமேல் கரும்பலகையைப் பார்க்காமல் ஜன்னலையே பார்ப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே பூவம்மாள் அடுப்பு ஊதிக்கொண்டிருப்பாள். பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கும். பச்சைப்பயறு போட்ட நொய்க்கஞ்சியை அவள் தட்டுக்கு இரண்டு கரண்டி ஊற்றுவாள். நாற்பத்து மூன்று பேரும் குடிப்பார்கள். இப்படி ஐந்து வருஷமாக நடந்தது. ஒருவரும் ஒரு குறையும் சொன்னதில்லை.

இந்த நிலைமைதான் சர்க்காருடைய கவனத்துக்கு வந்தது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம். அப்போது பட்டணத்துப் பெரிய மனிதர்களுக்குள் புதிய இலாகா ஆரம்பிப்பது ஒரு நாகரிகமாக இருந்தது. ஒருவர் கைக்கடிகாரம் கட்டினால் இன்னொருவரும் கட்டுவதுபோல, ஒருவர் ஓர் இலாகா ஆரம்பித்தால் இன்னொருவரும் ஆரம்பித்தார். அப்படி உண்டானதுதான் பாலர் ஆகார அனுஷ்டான இலாகா. 'பாடசாலைகளில் பாலர்களுக்கு அளிக்கப்படும் ஆகாரமானது அவரவர் மத ஆசாரங்களுக்கு லவலேசமும் பங்கம் நேராவண்ணம் அமையவேண்டியது' என்பது அதன் நோக்கம்.

நோக்கத்தில் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு வீட்டில் விலக்கியதை அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது என்பது நியாயம்தானே. பூவம்மாளுக்கும் அது தெரியும். அதனால்தான் அவள் பானையில் கவிச்சி சேர்ப்பதில்லை. ரம்ஜான் மாதத்தில் நோன்பு பிடிக்கும் பெரிய பிள்ளைகளை அந்த வேளைக்குத் தட்டின் பக்கம் வரவிடாமல் வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிடுவாள். ஏகாதசியன்று பெருமாள் கோயில் அர்ச்சகர் மகனுக்கு ஒரு வாழைப்பழம் எடுத்துவைப்பாள். பெரிய வெள்ளிக்கிழமை யார் யார் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு இருப்பார்கள் என்பதும் அவளுக்குக் கணக்கு. ஆனால் இவ்வளவையும் அவள் மனசில் வைத்திருந்தாள். மனசில் இருப்பதை இன்ஸ்பெக்ஷன் செய்ய முடியாது.

ஆகவே இன்ஸ்பெக்டர் வந்தார்.

அவர் பெயர் ராமமூர்த்தி. அதற்கு முன்பு கால்நடைப் பவுண்டுகளுக்கு இன்ஸ்பெக்டராக இருந்தவர். வழிதவறி வந்த மாடுகளுக்குத் தீனி வைப்பதை எட்டு வருஷம் மேற்பார்வை பார்த்த அனுபவத்தை உத்தேசித்து அவரை இந்த இலாகாவுக்கு மாற்றியிருந்தார்கள். ஆம்பூர் ஸ்டேஷனிலிருந்து ஜட்கா வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பானையைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு ஹெட்மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை விரித்தார்.

"இதுவரை எத்தனை ஆட்சேபணைகள் வந்திருக்கின்றன?"

"ஒன்றும் வரவில்லை சார்," என்றார் ஹெட்மாஸ்டர். அவர் பென்ஷனுக்கு இரண்டு வருஷம் இருந்தது. ஆகையால் எந்தக் கேள்விக்கும் எழுந்து நின்றுதான் பதில் சொல்வார்.

"எழுத்து மூலமாக வரவில்லையா, வாய்மொழியாகவும் வரவில்லையா?"

"இரண்டு விதத்திலும் வரவில்லை."

ராமமூர்த்தியின் முகம் வாடிப்போயிற்று. "ஆட்சேபணை இல்லாத ஊர் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. இங்கே இல்லையென்றால் ஜனங்கள் எதற்கோ பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சமைக்கிற அம்மாள் என்ன மதம்?"

பூவம்மாள் அகப்பையோடு வாசலில் நின்றாள். "எங்க ஊட்டுக்காரர் வேதத்துல சேந்தவரு சாமி. நான் ஆடி மாசம் ஆத்தாளுக்குக் கூழு ஊத்துவேன்."

"இரண்டில் எது?"

"ரெண்டும்தான். நாயித்துக்கெயம அவரு மாதா கோயிலுக்குப் போவாரு. ஆடியில நான் போவேன். பேஜார் ஒண்ணும் இல்ல."

இன்ஸ்பெக்டர் 'தீர்மானிக்கப்படவில்லை' என்று எழுதிக்கொண்டார். பிறகு ஒரு கட்டுப் பாரங்களை மேஜைமேல் வைத்தார். அதுதான் பாரம் நம்பர் ஒன்பது. அதில் இந்து, முகம்மதியர், கிறிஸ்தவர், ஜைனர், இதர என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. கீழே விலக்கப்பட்ட பதார்த்தம், விலக்கப்பட்ட தினம், விலக்கப்பட்ட பாத்திரம் ஆகியவற்றை எழுத இடம் விட்டிருந்தது. ஒரு வாரத்தில் நாற்பத்து மூன்று பாரங்களையும் பூர்த்தி செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் ஜட்காவில் ஏறினார்.

பிள்ளைகளைக் கேட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் நாள் எல்லோரும் ஒழுங்காகத்தான் சொன்னார்கள். இரண்டாம் நாள் விஷயம் அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

"எங்க மதத்துல பச்சப்பயறு துன்னக்கூடாது சார்," என்றான் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன்.

"நேற்றுவரைக்கும் தின்றாயே?"

"நேத்துவரைக்கும் யாரும் கேக்கல சார்."

இன்னொருவனுடைய குலதெய்வம் முருங்கைக்கீரையை விலக்கியிருந்தது. ஒரு பெண்ணின் வீட்டில் செவ்வாய்க்கிழமை கணக்குப் போடக்கூடாது. இப்படிப்பட்டவற்றை அடித்துவிடலாமா என்று ஹெட்மாஸ்டர் வேலூரிலிருந்த இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு எழுதிக் கேட்டார். இன்ஸ்பெக்டரிடமிருந்து உடனே பதில் வந்தது. 'மத விஷயங்களில் சர்க்கார் பரிபூரண நடுநிலைமை வகிப்பதால், எது மதம், எது மதமல்ல என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. சொன்னதைச் சொன்னபடி பதிவு செய்யவேண்டியது. கணக்குப் பாடம் ஆகாரமல்லவாதலால் அதை மட்டும் நீக்கலாம்.'

பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை. பாரம் வீடுகளுக்குப் போனதும் ஊரில் ஒரு புதிய நாகரிகம் பிறந்தது. பட்டறையில் ஆட்டுமயிர் பிடுங்கும் வேலை செய்யும் அன்னம்மாள் ஒருநாள் பாரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"வாத்தியாரய்யா, இதுல இன்னும் ரெண்டு சேத்து எழுதுங்க."

"என்ன இரண்டு?"

"எதுனா ரெண்டு. எதிர் ஊட்டுக்காரி நாலு விலக்கு எழுதி இருக்கா. நாங்க ஒண்ணே ஒண்ணு எழுதினா, எங்க மதம் இன்னா கம்மியா?"

எழுதினேன். எதிர்வீட்டுக்காரி மறுநாள் வந்து ஆறாக்கிக்கொண்டாள். வார முடிவில் நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கு நூற்றுப் பதினேழு விலக்குகள் சேர்ந்தன. இன்ஸ்பெக்டர் அதை வாசித்துப் பார்த்தபோது அவர் கண்ணில் நீர் ததும்பிற்று. "பார்த்தீர்களா? ஐந்து வருஷமாக எத்தனை மன வேதனையை இந்த ஜனங்கள் கஞ்சியோடு சேர்த்து விழுங்கியிருக்கிறார்கள்!" என்றார்.

முதலில் ஏழு அடுப்பு போட உத்தரவாயிற்று. பூவம்மாளுக்கு இரண்டே கைகள் இருந்தபடியால் ஏழாவது அடுப்புக் கஞ்சி இறங்கும்போது மணி நாலாகிவிட்டது. முதல் அடுப்புப் பிள்ளைகள் அதற்குள் மறுபடியும் பசித்து நின்றார்கள். இது போதாதென்று ஓர் அடுப்பின் புகை இன்னோர் அடுப்புப் பானைக்குள் போவதாக ஒரு மனு வந்தது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க மூங்கிலில் ஒரு துணி கட்டி, அதைக் கவனிக்க என்னை நியமித்தார்கள். நான் நான்கு நாள் கவனித்தேன். காற்று எந்தப் பிரிவையும் சேராமல் இஷ்டத்துக்கு வீசியது. அதை எழுதி அனுப்பினேன்.

அதன்மேல் ஏழு அடுப்பும் ரத்தாகி, பொது ஆகாரத் திட்டம் வந்தது. யாராவது ஒருவர் விலக்கிய பொருளை எல்லோருக்கும் விலக்கிவிட்டு, மிஞ்சியதைச் சமைப்பது என்பது திட்டம். இதைக் கேட்டபோது எனக்குக்கூட நல்ல யோசனையாகத்தான் பட்டது. இன்ஸ்பெக்டரும் ஹெட்மாஸ்டரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்தோம். பயறு போயிற்று. கேழ்வரகு போயிற்று. கீரைகள் கூட்டத்தோடு போயின. நொய் ஒன்று மட்டும் நெடுநேரம் தாக்குப்பிடித்தது. கடைசியில் அன்னம்மாளுடைய எதிர்வீட்டுக்காரியின் ஆறாவது விலக்கு, 'உடைந்த தானியம்' என்று தெரியவந்தது. அதுவும் போயிற்று.

"வெந்நீர் இருக்கிறதே!" என்றார் இன்ஸ்பெக்டர், மனம் தளராமல். "வெந்நீரை யாரும் விலக்கவில்லை."

அப்போது பூவம்மாள் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டரின் பார்வை அவள் கையிலிருந்த சாலின்மேல் போயிற்று. எங்கள் ஊரில் தகரம்தான் அபூர்வம், தோலுக்குப் பஞ்சமில்லை. கிணற்றுச் சால் தோலால் தைத்தது.

"அது என்ன மிருகத்தின் தோல்?" என்றார்.

யாருக்கும் தெரியவில்லை. சாலை ஒரு பையில் போட்டுக்கொண்டு நானும் அவரும் பட்டறைக்குப் போனோம். சுண்ணாம்புக் குழியில் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டிருந்த கலீமுல்லாவைக் கூப்பிட்டோம். அவன் பெண் ஷஹீன் பானு எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. இருபது வருஷம் தோலோடு புழங்கியவன். கையைத் துடைத்துக்கொண்டு சாலைத் தடவிப் பார்த்தான்.

"அடிப்பக்கம் எருமை, ஸாப். பக்கத்துல வெச்சுத் தெச்சது மாடு. இந்த ஒட்டு ஆடு. நம்ம பட்டறை கழிவுத்தோல்தான்."

"அறுத்ததா? தானாகச் செத்ததா?"

"அத நான் எப்படிச் சொல்றது ஸாப்? எங்கிட்ட வர்றப்ப அது பேசற நெலமையில இருக்காது."

"விசாரணையில் விளையாடக் கூடாது. தோலில் வந்த தண்ணீர் ஜைனருக்கு ஆகுமா? மாட்டுத்தோல் இந்துக்களுக்கு ஆகுமா? தானாகச் செத்ததென்றால் உங்களுக்கே ஆகுமா?"

கலீமுல்லா குனிந்து இன்ஸ்பெக்டரின் காலைப் பார்த்தான். "உங்க பூட்ஸும் இந்தத் தோலுதான் ஸாப். நல்ல தோலு. ரொம்ப நாளைக்கு வரும்."

இன்ஸ்பெக்டர் பூட்ஸைப் பற்றித் தம் டைரியில் ஒன்றும் எழுதவில்லை. சாலை அரக்கு வைத்து முத்திரையிட்டுக் கிணற்றடிக் கம்பத்தில் கட்டினார். இரும்பு வாளிக்கு மேலிடத்துக்கு எழுதினார். வாளி வரும்வரை கிணற்றுத் தண்ணீர் விசாரணையில் இருப்பதாக உத்தரவாயிற்று. பிள்ளைகள் தாகமெடுத்தால் ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடித்தார்கள். ஆறு எங்கள் இலாகாவைச் சேர்ந்ததல்ல.

ஆகாரம் இல்லையென்று ஆனபின் ஆகார நேரத்தையும் எடுத்துவிடலாமே என்று ஹெட்மாஸ்டர் பணிவாகக் கேட்டார். அதற்கு வழியில்லை. பன்னிரண்டு மணியிலிருந்து பன்னிரண்டே கால் வரை ஆகார நேரம் என்று கவர்னர் கையெழுத்தோடு அனுமதி மஞ்சூர் ஆகியிருந்தது. ஆகவே தினமும் பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தோம். பிள்ளைகள் மதவாரியாக வரிசையில் உட்கார்ந்தார்கள். பூவம்மாள் ஒவ்வொருவர் முன்னும் ஒரு காலித்தட்டு வைத்தாள். கால்மணி நேரம் எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். பன்னிரண்டே காலுக்கு மணி அடித்ததும் எழுந்தார்கள். பூவம்மாள் தட்டுகளைத் திரும்பத் துடைத்து அடுக்கினாள்.

முதல் நாள் இன்ஸ்பெக்டரே வந்திருந்து பார்த்தார். வரிசையின் நேர்த்தி அவருக்குத் திருப்தியாக இருந்தது. அந்த மாத அறிக்கையில், 'பரிமாறப்பட்டது குறித்து எந்த மதத்தாரிடமிருந்தும் ஆட்சேபணை இல்லை. முன்பு இருந்த மௌனம் பயத்தினால் ஏற்பட்டது. இப்போதைய மௌனம் திருப்தியினால் ஏற்பட்டது' என்று எழுதினார்.

இரண்டு வாரத்தில் நாற்பத்து மூன்று பிள்ளைகள் முப்பத்தொருவர் ஆனார்கள். சிலர் பட்டறையில் தோல் உலர்த்தப் போய்விட்டார்கள். அங்கே மத்தியானம் ஏதாவது கிடைக்கும். முப்பதுக்குக் கீழே இறங்கினால் பாடசாலையை மூடிவிடுவார்கள். ஹெட்மாஸ்டர் தினமும் ஆஜர்ப்பட்டியலை எடுத்து எண்ணுவார். எண்ணி முடித்ததும் மறுபடி எண்ணுவார்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை, ஆகார நேரம் ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். இரண்டாவது வரிசையில் ஷஹீன் பானு தன் காலித்தட்டின்மேல் மெதுவாகக் கவிழ்ந்தாள். தட்டு உருண்டுபோய்ச் சுவரில் மோதிற்று. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். ஏழு வயதுப் பெண், கோழிக்குஞ்சு கனம்கூட இல்லை. உதடு வெளுத்துக் கிடந்தது.

"தண்ணி! தண்ணி கொண்டாங்க!" என்று கத்தினேன்.

ஹெட்மாஸ்டர் கிணற்றடிவரை ஓடினார். அங்கே நின்றுவிட்டார். முத்திரையிட்ட சாலைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "விசாரணையில் இருக்கிறதே, ஐயா," என்றார். அவர் குரல் அழுகிற குரலாக இருந்தது. கெட்ட மனிதர் அல்ல. முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவர்.

பூவம்மாள் அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு அரக்கைப் பல்லால் கடித்துப் பிய்த்தாள். சாலைக் கிணற்றில் விட்டுச் சேந்தினாள். எருமையும் மாடும் ஆடும் சேர்ந்து கொண்டுவந்த தண்ணீரைக் குழந்தையின் முகத்தில் அறைந்தாள். குழந்தை கண்ணைத் திறந்து, "மணி அடிச்சாச்சா?" என்று கேட்டது.

பூவம்மாள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு சாலை எடுத்துக்கொண்டு மற்ற பிள்ளைகளிடம் போனாள். எங்களைத் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் ஷஹீன் பானுவின் தாய் நசீமுன்னிசா, அன்னம்மாள், எதிர்வீட்டுக்காரி, இன்னும் ஏழெட்டுத் தாய்மார்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். முத்திரை உடைந்ததை விசாரிக்க இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். நசீமுன்னிசா முக்காட்டை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். வீட்டில் பீடி சுற்றுகிறவள். விரல்களில் புகையிலைக் கறை இருந்தது.

"ஸாப், நாங்க எழுதினதெல்லாம் தப்புன்னு அடிச்சுடுங்க. எங்க குழந்தைங்க ஹராமானது மட்டும் திங்காம இருந்தா போதும். பூவம்மா அது குடுக்கமாட்டா, எங்களுக்குத் தெரியும். கஞ்சியைப் போடச் சொல்லுங்க."

"எங்களுதும் அடிச்சுடுங்க," என்றாள் அன்னம்மாள். "ஜாஸ்தியா எழுதிட்டோம்."

இன்ஸ்பெக்டர் இரக்கத்தோடு தலையை ஆட்டினார். "அம்மா, விலக்கைச் சேர்க்க விதி இருக்கிறது. விலக்கை விலக்க விதியில்லை. இன்றைக்கு நீங்கள் மதத்தில் ஒன்றைக் குறைத்துக்கொள்ள நான் அனுமதித்தால், சர்க்கார் மதத்தில் கைவைத்ததாக நாளைக்குப் பேப்பரில் எழுதுவார்கள்."

"எங்க மதத்துல நாங்களே கை வெக்கறோம் ஸாப்."

"அதற்கு அந்தந்த மதத்தின் தலைவரிடமிருந்து சான்று வரவேண்டும்."

"யார் தலைவர்?"

"அது உங்களுக்குத்தான் தெரியவேண்டும்," என்று சொல்லிவிட்டு அவர் முத்திரையை விசாரிக்கக் கிணற்றடிக்குப் போனார்.

தாய்மார்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி அழுதாள். பூவம்மாள் மேஜைமேல் கிடந்த பாரங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கட்டங்களை விரலால் தடவிக்கொண்டே வந்து, ஐந்தாவது கட்டத்தில் நிறுத்தினாள்.

"வாத்தியாரே, மத்த கட்டத்துல எல்லாம் எதுனா ஒரு காயிதத்துலயாவது கோடு போட்டிருக்கு. இது ஒண்ணு மட்டும் இன்னாத்துக்குக் காலியா கெடக்குது?"

"அது இதர."

"இதரன்னா இன்னா?"

"மற்ற நாலு கட்டத்திலும் சேராதவர்கள்."

"அவங்க இன்னா துன்னக்கூடாது?"

நான் அந்தப் பாரங்களை வாங்கிப் பார்த்தேன். இதர மதத்தாருக்கு விலக்கு ஒன்றும் எழுதப்படவில்லை. ஏனென்றால் அந்த மதத்தில் ஆளே இல்லை. ஹெட்மாஸ்டர் எழுந்து நின்றார். விதிப் புத்தகத்தை எடுத்தார். "விலக்கை விலக்கத்தான் விதியில்லை. மதம் மாற விதி இருக்கிறது. பாரம் நம்பர் பன்னிரண்டு. தாய் அல்லது தகப்பன் கைநாட்டு வைத்தால் போதும்," என்று வாசித்தார். முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் முதன்முதலாகச் செய்த குற்றம் அதுதான்.

நசீமுன்னிசா பின்வாங்கினாள். "அய்யோ, என்னால தொழாம இருக்க முடியாது வாத்தியாரே. அல்லா கேட்டா நான் இன்னா சொல்றது?"

"வீட்டில் நீங்கள் எப்போதும்போல் தொழலாம். இது பன்னிரண்டு மணியிலிருந்து பன்னிரண்டே கால் வரைக்கும் மட்டும்," என்றேன் நான்.

நசீமுன்னிசா, பூவம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தன் பெண்ணைப் பார்த்தாள். "இது பள்ளிக்கூடத்துக் காகிதம்னு அல்லாவுக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டுக் கட்டைவிரலை நீட்டினாள். அதன்பிறகு மைக்கூட்டுக்குத் தள்ளுமுள்ளு ஆகிவிட்டது. சாயங்காலத்துக்குள் பெருமாள் கோயில் அர்ச்சகர்கூட வந்து, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, தம் மகனுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இன்ஸ்பெக்டர் கோபித்துக்கொள்வார் என்று நாங்கள் பயந்தது வீண். நாற்பத்து மூன்று பாரங்களையும் பார்த்த அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இதரவா? நாற்பத்து மூன்று பேருமா? இந்தக் கட்டம் ஏன் காலியாகவே இருக்கிறது என்று மேலிடத்தில் என்னை எத்தனை தடவை கேட்டிருக்கிறார்கள் தெரியுமா! இதன் ஸ்தாபகர் யார்?"

எல்லோரும் பூவம்மாளைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். அவள் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"உங்கள் மதத்தின் முக்கியக் கொள்கை என்ன, அம்மா?"

"சூடா இருக்கறப்பவே குடிச்சுடணும்."

"பாவம் எது?"

"தட்டுல மிச்சம் வெக்கறது."

"மோட்சம் என்று ஒன்று உண்டா?"

பூவம்மாள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டாவது கரண்டி."

இவ்வளவையும் அவர் எழுதிக்கொண்டார். 'இம்மதத்தார் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரே பானையில், மேற்படி அம்மாள் கையால் காய்ச்சிய நொய்க்கஞ்சியைப் பருகுவது அவர்களுடைய தலையாய அனுஷ்டானம். தோல் சாலில் சேந்திய நீரே இதற்கு உகந்தது. இதில் தடை உண்டாக்குவது மத சுதந்திரத்தில் குறுக்கிடுவதாகும்' என்று அறிக்கை போயிற்று. சாதாரணமாக இரும்பு வாளிக்கே மூன்று மாதம் ஆகும். மதம் என்றபடியால் பத்தே நாளில் உத்தரவு வந்துவிட்டது. ராமமூர்த்திக்கு உத்தியோகமும் உயர்ந்தது.

அந்தத் திங்கட்கிழமையை என்னால் மறக்க முடியாது. பூவம்மாள் காலை எட்டு மணிக்கே அடுப்பு மூட்டினாள். பட்டறைக்குப் போன பிள்ளைகளெல்லாம் புகையைப் பார்த்தே திரும்பி வந்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்க நான் கயிற்றைப் பிடித்தபோது நாற்பத்து மூன்று பேரும் முன்பே உட்கார்ந்திருந்தார்கள். வரிசையெல்லாம் கிடையாது, கலந்து உட்கார்ந்திருந்தார்கள். ஷஹீன் பானு அர்ச்சகர் மகனுக்கும் அன்னம்மாள் மகளுக்கும் நடுவில் இருந்தாள். மோட்சம் இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள். ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கஞ்சி ஆவி என்று சொன்னார்.

இதோடு கதை முடிந்திருந்தால் எங்கள் ஊருக்குக் கௌரவமாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்துப் பூவம்மாள் திருப்பத்தூரில் இருக்கும் தங்கை பிரசவத்துக்காகப் பத்து நாள் போகவேண்டியிருந்தது. அதுவரை அன்னம்மாள் கஞ்சி காய்ச்சினாள். பிள்ளைகள் குடித்தார்கள். பூவம்மாள் திரும்பி வந்த அன்று ஒரு வாய் ருசி பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உப்ப எப்பப் போட்ட?"

"எறக்கி வெச்சப்புறம்," என்றாள் அன்னம்மாள்.

"கொதிக்கறப்பன்னா போடணும்?"

"யார் சொன்னது?"

"நான் சொல்றேன். இந்தக் கஞ்சியை ஊர்ல ஆரம்பிச்சது யாரு?"

"ஆரம்பிச்சா? பத்து நாளு நான் போட்டனே, ஒரு புள்ள வாயத் தொறந்துச்சா?"

அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் நாலு தெருவுக்கும் தெரிந்துவிட்டது. உப்பை முன்னால் போடுவதுதான் இதர மதத்தின் ஆதி ஆசாரம் என்று ஒரு கட்சி. பின்னால் போடுவதுதான் பரிசுத்தம் என்று ஒரு கட்சி. முதல் கட்சிக்கு முன்னுப்பார் என்றும் இரண்டாவதற்குப் பின்னுப்பார் என்றும் பெயர் ஏற்பட்டது. நசீமுன்னிசா முன்னுப்பார் பக்கம். எதிர்வீட்டுக்காரி, அன்னம்மாளோடு ஜென்மப் பகை உள்ளவள், உப்பு விஷயத்தில் அவள் பக்கம் சேர்ந்தாள். மைக்கூட்டுக்காக ஒன்றாகத் தள்ளிக்கொண்ட அதே தாய்மார்கள் இப்போது கிணற்றடியில் இரண்டு வரிசையாக நின்று தண்ணீர் சேந்தினார்கள். பின்னுப்பார் தங்கள் பிள்ளைகளுக்குத் தனிப் பானை வேண்டும் என்று மனு எழுதினார்கள். கலீமுல்லா மட்டும், "இது இன்னாடா கூத்து," என்று சொல்லிவிட்டுச் சுண்ணாம்புக் குழியில் இறங்கினான். அவனை இரண்டு கட்சியாரும் நாஸ்திகன் என்றார்கள்.

மனு கிடைத்த மறுநாளே ராமமூர்த்தி வந்துவிட்டார். இந்தத் தடவை அவர் முகத்தில் வாட்டம் இல்லை. பையில் புதிய பாரங்கள் அச்சாகித் தயாராக இருந்தன. தனிப் பானை மஞ்சூர் ஆயிற்று. நடுவில் ஒரு தட்டி மறைப்பும் மஞ்சூர் ஆயிற்று. பிள்ளைகள் தட்டியின் இந்தப் பக்கம் ஒரு தட்டுக் குடித்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஒரு தட்டுக் குடிக்கிறார்கள். பெரியவர்கள் மும்முரமாக விவாதித்துக்கொண்டிருப்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

என்னைப் பொறுத்தவரை, நான் நாலு எழுத்துப் படித்தவன். இந்தச் சில்லறை வித்தியாசங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மனுஷர்களெல்லாம் ஒன்றுதான் என்று வகுப்பில் தினமும் சொல்லிக்கொடுக்கிறேன். போன தை மாதம் என் மூத்த பெண்ணுக்கு வாணியம்பாடியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் தபாலாபீசில் வேலை. நல்ல குணம், நல்ல குடும்பம், ஜாதகமும் பொருந்திற்று. எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும் சமயத்தில், அவர்கள் வீட்டில் கஞ்சியை இறக்கிவைத்த பிறகுதான் உப்புப் போடுவார்கள் என்று தெரியவந்தது.

வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டேன்.